ஏரிக்கரை விளையாட்டரங்கமும் நான்கு கூழாங்கற்களும்

ஒரு காட்டில் பெரிய ஏரி ஒன்று இருந்தது. ஏரி என்றால் கரை இருக்கும். கரை என்றால் அதன்மேல் யாருக்காவது கண் இருக்கும். இந்தக் கரைமேல் கண் வைத்தவர் ராஜாவேதான். ராஜா, வழக்கம்போல, ஒரு சிங்கம்.

காடு என்றதும் நாலு மரமும் ஒரு ஓடையும் என்று நினைத்துவிடாதீர்கள். ஏரியைச் சுற்றி இருந்தது அந்தக் காட்டின் தலைநகரம். யானைகள் போகத் தனிச் சாலை, முயல்களுக்கு அடுக்குமாடி வளை, தண்ணீர் குடிக்கப் போனால் வரிசை எல்லாம் அங்கே உண்டு. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் பதவியில் இருப்பவர்களுக்கு மட்டும் ‘அவர்’ போட்டிருக்கிறேன். எனக்கும் அந்தக் காட்டில்தான் குடியிருப்பு.

ராஜா அப்போதுதான் பக்கத்துக் காட்டுக்கு அரசுமுறைப் பயணம் போய்த் திரும்பியிருந்தார். அங்கே ஆற்றங்கரையில் ஒரு விளையாட்டரங்கம் கட்டியிருந்தார்கள். எழுபதாயிரம் பேர் உட்காரலாம். கூரை திறந்து மூடும். அந்தக் காட்டின் ராஜா ஒரு கரடி. கரடியிடம் இருக்கிறது, சிங்கத்திடம் இல்லை என்பதை நம் ராஜாவால் தாங்க முடியவில்லை. அன்று மதியம் இலையில் வைத்த மானைக்கூடத் தொடவில்லை.

“நமக்கும் ஒண்ணு வேணும். தண்ணி ஓரமா வேணும். அவனோடதைவிட ஒரு வரிசையாவது கூட இருக்கணும்” என்றார் செயலரிடம்.

செயலர் ஒரு மரநாய். ராஜா பேச ஆரம்பிக்கும் முன்பே தலையாட்டி முடித்துவிடுவார். அந்தத் திறமைக்காகவே பதவிக்கு வந்தவர். “உத்தரவு மகாராஜா. அங்க என்ன விளையாட்டு நடத்தப்போறோம்?”

“முதல்ல கட்டுய்யா. விளையாட்டு எங்க ஓடிப்போகுது?”

பதினைந்தாம் நாள் அடிக்கல் நாட்டு விழா என்று முடிவானது. கரடிக்கு முதல் அழைப்பிதழ் போனது.

ஏரிக்கரையில் கட்டடம் இல்லாமல் மிச்சம் இருந்தது ஒரே ஒரு பொட்டல்தான். அதன் நடுவில் பூவாயி என்கிற ஆள்காட்டிக் குருவி அடைகாத்துக்கொண்டிருந்தாள். ஆள்காட்டி மரத்தில் கூடு கட்டாது. வெறும் தரையில் லேசாகப் பள்ளம் பறித்து, சுற்றிலும் நாலு சரளைக்கல்லைத் தள்ளிவைத்து, அதற்குள் முட்டையிடும். முட்டையும் மண் நிறத்தில், கறுப்புப் புள்ளியோடு, கல்லைப் போலவே இருக்கும். நரியை ஏமாற்றக் கடவுள் கொடுத்த வசதி அது. கடவுள் வருவாய்த் துறையை யோசித்துப் பார்க்கவில்லை.

பூவாயி இட்டது நான்கு முட்டை. போட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது. பொரிக்க இன்னும் பதினெட்டு நாள் வேண்டும். போன வருஷம் இட்ட மூன்றையும் கீரி தின்றுவிட்டது. அதனால் இந்த முறை அவளும் அவள் புருஷன் மாசிலாமணியும் முறைவைத்து உட்கார்ந்தார்கள். வெயில் ஏறினால் அவள் ஏரிக்கு ஓடி வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து, ஈரத்தோடு முட்டைமேல் படுத்துச் சூட்டைத் தணிப்பாள். ஒரு நாளைக்கு இருபது முறை.

முதலில் வந்தவர் சர்வேயர் தங்கப்பழம். அவர் ஒரு உடும்பு. தன் வாலையே அளவு நாடாவாக வைத்துக் கரையை அளந்துகொண்டு வந்தார். பூவாயி தலைக்குமேல் பறந்து காடு அதிரக் கத்தினாள்.

“எதுக்கும்மா இப்படிக் கத்துறே? அளக்கத்தானே வந்திருக்கேன்.”

“அங்க காலை வைக்காதீங்க சார்! முட்டை இருக்கு!”

“எங்க?”

“உங்க மூக்குக்கு நேரா.”

தங்கப்பழம் குனிந்து பார்த்தார். நாக்கை ஒரு முறை வெளியே நீட்டி உள்ளே இழுத்துக்கொண்டார். உடும்புக்கா முட்டை தெரியாது என்று நீங்கள் கேட்கலாம். நன்றாகத் தெரியும். ஆனால் வேலை நேரத்தில் முட்டை சாப்பிடக் கூடாது என்று அவருக்கு எழுத்துமூலம் உத்தரவு இருந்தது. சாப்பிட முடியாத முட்டையை அவர் கல்லாகத்தான் கருதுவார். பெருமூச்சு விட்டுவிட்டு, பதிவேட்டில் எழுதினார்: ‘காலி மனை. கூழாங்கல் – 4.’

“சார், அது கல்லு இல்லை.”

“இதோ பாரும்மா. முட்டைன்னு எழுதினா அது பொரிக்கிற வரைக்கும் மண்வெட்டி வைக்கக் கூடாதுன்னு காட்டுச் சட்டம். மகாராஜா பதினைஞ்சாம் நாள் அடிக்கல் நாட்டுறாரு. நீயே சொல்லு, நான் என்னன்னு எழுதட்டும்?”

மறுநாள் முட்டைமேல் மாசிலாமணியை உட்காரவைத்துவிட்டுப் பூவாயி தலைமை அலுவலகத்துக்குப் போனாள். அலுவலகம் ஒரு ஆலமரத்தடி. கவுண்டரில் ஆமை எழுத்தர் இருந்தார். வரிசையில் அவளுக்கு முன்னால் இரண்டு எருமை, ஒரு நத்தை. நத்தை போன மழைக்காலத்தில் கிளம்பி வந்ததாம்.

அவள் முறை வந்தது.

“முட்டைன்னு சான்றிதழ் இருக்கா?” என்றார் ஆமை.

“போட்டதே நான்தாங்க.”

“போட்டவங்க சொல்றதை எடுத்துக்க முடியாதும்மா. பொரிச்ச குஞ்சைக் கொண்டாந்து காட்டு. அது முட்டையாத்தான் இருந்துச்சுன்னு அன்னைக்கே எழுதித் தர்றேன்.”

“பொரிச்சுட்டா அப்புறம் முட்டை எங்கங்க இருக்கும்?”

“இல்லாத முட்டைக்குப் பாதுகாப்பு எதுக்கு?”

பூவாயிக்குத் தலை சுற்றியது. ஆமை இரக்கப்பட்டு இன்னொரு படிவத்தை நீட்டினார். “கரையில குடியிருந்தவங்களுக்கு மாற்று வீடு இருக்கு. உனக்கு ஒதுக்கியிருக்கோம். பன்னிரண்டு மைல் தள்ளி, மலையடிவாரம். அத்திமரம், ஏழாவது கிளை. காத்தோட்டமான இடம்.”

“நாங்க மரத்துல உட்கார மாட்டோங்க. கிளையைப் பிடிக்க எங்களுக்குப் பின்விரல் கிடையாது.” அவள் ஒரு காலைத் தூக்கி மேசைமேல் வைத்துக் காட்டினாள்.

ஆமை காலைப் பார்த்தார். பிறகு படிவத்தை மேலிருந்து கீழே படித்துப் பார்த்தார். “விரலுக்கு இதுல இடமே இல்லையேம்மா. கண்ணு, மூக்கு, தகப்பன் பேரு, அவ்வளவுதான் கேட்டிருக்கு.”

“அப்ப நான் எங்கங்க போறது?”

மணி அடித்தது. ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். சாப்பாட்டு நேரம்.

எதற்கும் ஒரு முறை இருக்கிறது அல்லவா? அதனால் கருத்துக் கேட்புக் கூட்டமும் நடத்தினார்கள். நடுப்பகலில் வைத்தார்கள். அந்த நேரத்தில் பூவாயியால் முட்டையை விட்டு நகர முடியாது. மாசிலாமணி போனான். போகும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் போனான். “எல்லாத்தையும் பிட்டுப் பிட்டு வச்சுட்டு வர்றேன்” என்றான்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது தலையில் ஒரு மஞ்சள் தொப்பி இருந்தது. ‘ஏரி நமது! அரங்கம் நமது!’ என்று அதில் எழுதியிருந்தது.

“என்னங்க இது?”

“எதிர்த்துப் பேசத்தான் எழுந்தேன் பூவாயி. மைக்கைக் குடுத்தாங்க. அது யானைக்கு வச்ச உயரம், எனக்கு எட்டலை. நான் எம்பிக் குதிச்சேன். சந்தோஷத்துல குதிக்கிறேன்னு நினைச்சுக் கைதட்டிட்டாங்க.”

“அப்புறம்?”

“கரையோரப் பறவைகள் பிரதிநிதின்னு சொல்லிக் குழுவுல போட்டுட்டாங்க. வந்ததுக்கு அடையாளமா ஒரு கையெழுத்து கேட்டாங்க. போட்டேன்.”

“படிச்சுப் பார்த்தீங்களா?”

மாசிலாமணி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். “மூணு பக்கம் இருந்துச்சு. பின்னாடி ஒரு காண்டாமிருகம் நின்னுச்சு.”

பூவாயி அவனைத் திட்டவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அவள் முட்டைகளை ஒவ்வொன்றாக அலகால் திருப்பிவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்து மண் சமன்செய்யக் காட்டுப்பன்றிகள் வந்தன. எட்டுப் பன்றிகள், வரிசையாக, மூஞ்சியால் நிலத்தை உழுதுகொண்டு வந்தன. பதிவேட்டில் கல் என்று இருந்தால் பன்றிக்குக் கல்தான். பூவாயி பார்த்தாள். முட்டையை விட்டு எழுந்து, பன்றிகளுக்கு எதிரே போய், ஒரு சிறகை ஒடிந்ததுபோல் தொங்கவிட்டுத் தரையில் இழுத்துக்கொண்டு தத்தித் தத்தி நடந்தாள்.

“டேய், அடிபட்ட குருவிடா!” என்றது முதல் பன்றி.

எட்டும் அவள் பின்னால் ஓடின. பிடிக்கப்போகும் நேரத்தில் அவள் ஓரடி தள்ளிப்போய் விழுவாள். இப்படியே ஏரியின் ஓரத்துச் சேறு வரை இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஜிவ்வென்று பறந்துவிட்டாள். பன்றிகளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் எதிரே முழங்கால் அளவு குளிர்ந்த சேறு. வேலையை மறந்துவிட்டு எட்டும் அதில் புரண்டன. தினமும் இதே ஆட்டம். கடைசியில் பொட்டல் முழுவதும் சமமானது. முட்டை இருந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் மட்டும் மிச்சம் நின்றது.

பதினைந்தாம் நாள் விழா நடக்கவில்லை. தேன் ஒத்துக்கொள்ளாமல் கரடிக்கு வயிற்றுப்போக்கு. மூன்று நாள் தள்ளிப்போட்டார்கள். பூவாயி கரடியின் வயிற்றுக்காக மனதாரக் கும்பிட்டாள்.

பதினெட்டாம் நாள் காலை பந்தல் போட்டு, தோரணம் கட்டி, மயில்கள் ஆடி, எல்லாம் தயாராக இருந்தது. ராஜா சாந்து பூச வெள்ளிக் கரண்டியோடு வந்தார். கரடி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஒன்றே ஒன்றுதான் வரவில்லை. அது அடிக்கல். மலையிலிருந்து அதைச் சுமந்து வந்த யானை, விழாவுக்காக மூடிய சாலையில் மாட்டிக்கொண்டு நின்றது. ராஜா வருகிறார் என்றுதான் சாலையை மூடியிருந்தார்கள்.

“கல்லு எங்கய்யா?” ராஜா பல்லைக் கடித்தார். கரடி கொட்டாவி விட்டார்.

செயலர் பதிவேட்டைப் புரட்டினார். முகம் மலர்ந்தது. “மகாராஜா, இந்த மண்ணிலேயே பிறந்த கல் நாலு இருக்கு. பதிவேட்டுல இருக்கு.”

செந்நாய்க் காவலர்கள் இரண்டு பேர் வட்டத்துக்குள் இறங்கினார்கள். பூவாயி கொத்தினாள், சிறகால் அறைந்தாள், தொண்டை கிழியக் கத்தினாள். அவள்மேல் ஒரு கூடையைக் கவிழ்த்துவிட்டு, ஒரு முட்டையை எடுத்து ராஜாவின் உள்ளங்கையில் வைத்தார்கள்.

“சுடுதேய்யா.”

“வெயில்ல கிடந்த கல்லு மகாராஜா.”

“ஆடுது.”

“காத்து மகாராஜா.”

டக் என்று ஒரு சத்தம் கேட்டது. ‘கல்’லில் ஒரு கீறல் விழுந்தது. கீறல் வழியே ஒரு குட்டி அலகு வந்தது, பிறகு தலை, பிறகு ஈரம் சொட்டும் முழு உடம்பு. ராஜாவின் உள்ளங்கையில் குச்சிக்கால் ஊன்றி நின்றுகொண்டு, அது வாயைத் திறந்து கீச்சென்று கத்தியது.

கரடிதான் முதலில் சிரித்தார். “என்னய்யா உங்க காட்டுல? கல்லுக்கும் முட்டைக்கும் வித்தியாசம் தெரியாதா?”

செயலர் ஒரு நொடி யோசித்தார். பதிவேடு தப்பு என்றால் தங்கப்பழத்தின் வேலை போகும். தங்கப்பழம் வாயைத் திறந்தால் தன் வேலையும் போகும். பதிவேடு சரி என்றால்? செயலர் நெடுஞ்சாண்கிடையாக ராஜாவின் காலில் விழுந்தார்.

“மகாராஜா தொட்டதும் கல்லுக்கு உயிர் வந்துடுச்சு!”

பந்தலில் இருந்த அத்தனை பேரும் பொத்து பொத்தென்று விழுந்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த ஒட்டகச்சிவிங்கி விழுந்து எழுந்திருக்கவே கால் மணி நேரம் ஆனது. அடுத்தடுத்து மூன்று ‘கல்’லையும் ராஜாவின் கையில் வைத்தார்கள். பதினெட்டு நாள் கணக்கு முடிந்திருந்தது, மூன்றும் பொரித்தன. கரடியின் சிரிப்பு நின்றுபோனது. அவரிடம் கூரை திறந்து மூடும் அரங்கம் இருந்தது, இது இல்லை. ஊருக்குத் திரும்பியதும் அவர் ஒரு கூடை கூழாங்கல்லைத் தருவித்து, இரண்டு நாள் கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்ததாகக் கேள்வி.

கூடையைத் தள்ளிக்கொண்டு பூவாயி வெளியே வந்தாள். “அது என் குஞ்சு! நாலும் என் குஞ்சு!”

செயலர் பொறுமையாகப் பதிவேட்டைத் திறந்து காட்டினார். “உன் பேர்ல முட்டையே இல்லையேம்மா. கல்லுதான் இருக்கு. கல்லுக்கு நீ எப்படித் தாயாக முடியும்?”

மாசிலாமணி கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தான். தொப்பியைத் தரையில் எறிந்தான். இந்தத் தடவை மைக் தேவைப்படவில்லை. “சார், அது எங்க குஞ்சுதான். நான் சாட்சி!” என்று கத்தினான்.

“நீங்கதானே பறவைகள் பிரதிநிதி?” செயலர் மூன்று பக்கத் தாளை எடுத்தார். “இரண்டாம் பக்கம். ‘மேற்படி கரையில் முட்டை, கூடு, குஞ்சு எதுவும் இல்லை என உறுதியளிக்கிறேன்.’ கையெழுத்து உங்களோடதுதானே?”

மாசிலாமணி குனிந்து தொப்பியைப் பொறுக்கிக்கொண்டான். பூவாயி அவன் பக்கம் திரும்பவே இல்லை. பட்டு மெத்தை வைத்த தட்டில் ஏறி அரண்மனைக்குப் போகும் நாலு குஞ்சுகளை, கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அரண்மனையில் குஞ்சுகளுக்கு ராஜ உபசாரம். வேளைக்கு ஒரு தட்டு எருமைக் கறி வைத்தார்கள். குஞ்சுகள் அதைச் சுற்றி ஓடினவே தவிர, தொடவில்லை. பட்டு மெத்தை வழுக்கியது. குளிருக்கு ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு இடைவிடாமல் கத்தின. இரண்டாம் நாள் ராஜாவுக்கே தூக்கம் போய்விட்டது. “என் பிள்ளைங்களுக்கு ஒரு ஆயா பாருய்யா!” என்று கர்ஜித்தார்.

ஆலமரத்தடியில் அறிவிப்பு ஒட்டினார்கள். ‘அரசக் குஞ்சுகளுக்கு ஆயா தேவை. தற்காலிகப் பணி. தொகுப்பூதியம்.’

வரிசையில் முதல் ஆளாகப் பூவாயி நின்றாள். ஆமை அவளை நிமிர்ந்து பார்த்தார். அடையாளம் தெரிந்தது. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

“சொந்தக் குஞ்சு இருக்கா?”

பூவாயி அரண்மனைப் பக்கம் திரும்பினாள்.

“இருந்தா இந்த வேலை கிடையாதும்மா. பாசம் ரெண்டாப் பிரிஞ்சுடும்னு மேலிடத்து விதி. இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும்.”

அரண்மனை அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். குஞ்சுகளின் சத்தம் கேட்டது. நாலு குரலில் ஒன்று முந்தைய நாளைவிட மெலிந்திருந்தது. அது எந்தக் குஞ்சு என்றுகூட அவளுக்குத் தெரியும்.

“பேனா குடுங்க” என்றாள்.

‘எனக்குக் குஞ்சுகள் இல்லை’ என்று எழுதினாள். எழுத்து கோணலாக விழுந்தது. ஆமை அதை வாங்கி, வேறு எதையும் கேட்காமல், முத்திரை குத்தினார். அவர் பணியில் சேர்ந்ததிலிருந்து நான் பார்த்தவரை, அன்றுதான் சாப்பாட்டு நேரம் வந்தும் தலையை உள்ளே இழுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

பூவாயி அரண்மனைக்குள் போனாள். மெத்தையைத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிறகைத் தூக்கினாள். நாலும் ஓடிவந்து உள்ளே புகுந்துகொண்டன. சத்தம் நின்றது. “நல்ல அனுபவமுள்ள ஆயா” என்று செயலர் பதிவேட்டில் எழுதிக்கொண்டார்.

விளையாட்டரங்கம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். கல்லுக்கு உயிர் வந்த இடம் புனிதமாகிவிட்டதால் அங்கே ஒரு மண்டபம் எழுந்தது. அரங்கத்தை ஏரிக்குள் தள்ளிக் கட்டினார்கள். அதற்காக முக்கால் ஏரியைத் தூர்த்தார்கள். கால் ஏரி மிச்சம் இருந்ததால் ‘ஏரிக்கரை அரங்கம்’ என்ற பெயருக்குப் பழுதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் எழுபதாயிரத்துச் சொச்சம் பேருக்கு முன்னால் ராஜா கல்லைத் தொட்டு உயிர் கொடுத்தார். அதற்கான கல்லைத் தேர்ந்தெடுப்பது தங்கப்பழத்தின் பொறுப்பு. ‘இன்னும் இரண்டு மணி நேரத்தில் பொரிக்கும் கல்’ என்று அவர் துல்லியமாகச் சொல்லிவிடுவார். மாசிலாமணி வாசலில் தொப்பி விற்றான்.

குஞ்சுகள் வளர்ந்து பறக்கத் தொடங்கின. சிங்கத்தை ‘அப்பா’ என்றன. பூவாயியை ‘ஆயாம்மா’ என்று கூப்பிட்டன. அவள் அதற்கும் திரும்பிப் பார்த்தாள்.

அடுத்த முட்டைப் பருவம் வந்தது. மிச்சமிருந்த கால் ஏரியின் கரையில் வரிசையாகப் பறவைகள்: நீர்க்கோழி, உள்ளான், தாழைக்கோழி. ஒவ்வொன்றின் கையிலும் ஒரு படிவம். சட்டம் காப்பாற்றாத முட்டையை அரண்மனை காப்பாற்றுகிறது என்று அவற்றுக்குப் புரிந்துவிட்டிருந்தது. தலைச்சன் முட்டையிட்ட ஒரு நீர்க்கோழி பூவாயியிடம் வந்து, “அக்கா, எனக்கு எழுத வராது. நீங்கதான் நிரப்பித் தரணும்” என்றாள்.

“எத்தனை போட்டிருக்கே?”

“ஆறு முட்டைக்கா.”

“முட்டைன்னு வாயால சொல்லாதே” என்று பூவாயி படிவத்தை வாங்கினாள். இந்தத் தடவை கோணல் இல்லை. எழுத்து அச்சடித்தது போல விழுந்தது: ‘கூழாங்கல் – 6.’

நீதி: முட்டையிட்டதும் முதல் வேலையாக அதைக் கல் என்று பதிவு செய்துகொள்ளுங்கள். முட்டைக்கு வெறும் சட்டப் பாதுகாப்புதான் உண்டு. கல்லுக்கு அரசு மரியாதையே உண்டு.